எறிபொருள் கணக்கு: தப்பான விடையை வைத்தே பிழையைக் கண்டுபிடிப்பது

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயக்கவியல் பாடம் முடிகிற வாரத்தில் என் டியூஷன் மேசையில் ஒரே மாதிரி நோட்டுகள் குவியும். படம் இருக்கும், சூத்திரம் இருக்கும், பெருக்கல் வகுத்தல்கூட ஒழுங்காக இருக்கும். விடை மட்டும் வேறு. "எங்க தப்பு பண்ணேன், மிஸ்?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வருவேன். இப்போது நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுகிறேன். எறிபொருள் கணக்கில், அதாவது எறிந்த பொருள் எப்போது, எங்கே விழும் என்று கேட்கும் கணக்கில், பிள்ளைகள் செய்யும் பிழைகள் ஒரு பத்துப் பன்னிரண்டுதான். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தப்பான விடையைத் தருகிறது. அந்த விடையைப் பார்த்தாலே எந்த வரியில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 15 மீட்டர் உயர மொட்டை மாடியின் விளிம்பிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துக்கு மேலே 30° கோணத்தில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தொலைவில் தரையில் விழும்? ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10 என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடை கிடையாது.

சரியான வழி இது. நோட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. மேல்நோக்கிய எல்லாமே பிளஸ் என்று வலப்பக்கத்தின் தலையில் எழுதிவிடுங்கள்.

இடப்பக்கம் (யு என்பது எறிந்த வேகம், தீட்டா என்பது கோணம்): யு காஸ் தீட்டா = 20 × 0.866 = 17.32. முடுக்கம் எதுவும் இல்லை.

வலப்பக்கம்: யு சைன் தீட்டா = 20 × 0.5 = 10. முடுக்கம் −10. இடப்பெயர்ச்சி −15, ஏனென்றால் பந்து கடைசியில் கிளம்பிய இடத்துக்கு 15 மீட்டர் கீழே கிடக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் மட்டும்தான். வலப்பக்கத்தில் அதைக் கண்டுபிடித்து இடப்பக்கத்துக்கு எடுத்துப்போக வேண்டும். நேரத்தை டி என்று வைத்து, இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × டி + ½ × முடுக்கம் × டி² என்பதில் வலப்பக்க எண்களைப் போடுங்கள்.

−15 = 10டி − 5டி²

5ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால் டி² − 2டி − 3 = 0. டி = 3 அல்லது −1. பறந்த நேரம் 3 நொடி, தொலைவு 17.32 × 3 = 51.96 மீட்டர்.

சரி, இனி தப்பான விடைகள்.

"மிஸ், ரூட்டுக்குள்ள மைனஸ் வருது"

நோட்டில் 15 = 10டி − 5டி² என்று இருக்கும். அதிலிருந்து டி² − 2டி + 3 = 0. மூலக்குறிக்குள் 4 − 12, அதாவது −8. இங்கே பிள்ளைகள் செய்யும் காரியம்தான் எனக்கு எரிச்சல்: மைனஸைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ரூட் 8 எடுத்து மேலே போய்விடுவார்கள்.

அழிக்காதீர்கள். அந்த மைனஸ் உண்மையைச் சொல்கிறது. இடப்பெயர்ச்சிக்கு +15 போட்டதும் நீங்கள் கேட்ட கேள்வியே மாறிவிட்டது: "மாடிக்கு 15 மீட்டர் மேலே பந்து எப்போது இருக்கும்?" செங்குத்து வேகம் 10 உள்ள பந்து மாடிக்கு மேலே 5 மீட்டர்தான் எழும்பும் (10² ÷ 20). 15 மீட்டர் மேலே அது போகவே போகாது. இல்லாத நேரத்தைக் கேட்டால் சமன்பாடு வேறென்ன செய்யும்? எறிபொருள் கணக்கில் மூலக்குறிக்குள் மைனஸ் வந்தால், பந்து போகாத இடத்தைக் குறித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்தில் ஒன்பது முறை இடப்பெயர்ச்சியின் குறிதான் காரணம்.

"டி = 1 வந்துச்சு, சரியான மாதிரிதான் இருக்கு"

இதுதான் ஆபத்தான விடை. முழு எண், பார்க்க அழகாக இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. 1 × 17.32 = 17.32 மீட்டர் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருப்பார்கள்.

முதலில் இது தப்பு என்று எப்படித் தெரியும்? பந்தை எறியாமல் மாடியிலிருந்து சும்மா கைவிட்டால் 15 = 5டி², டி = 1.73 நொடி. மேல்நோக்கி எறிந்த பந்து அதைவிடத் தாமதமாகத்தான் தரைக்கு வர முடியும். 1 நொடியில் வர வழியே இல்லை.

இந்த 1 நொடிக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. விடையை வைத்துப் பிரிக்க முடியாது, ஒரு வரி மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

மேலே 15 = 10டி + 5டி² என்று இருந்தால், கீழ்நோக்கிப் பிளஸ் என்று பாதியில் மனம் மாறியிருக்கிறது. 15 கீழே, ஜி கீழே, எல்லாம் பிளஸ். ஆனால் 10 மட்டும் மேல்நோக்கிய வேகம் என்பது மறந்துபோனது. டி² + 2டி − 3 = 0 வந்து 1, −3 என்று விடை கிடைக்கும். சரியான விடைகளான 3, −1 இரண்டும் குறி மாறி நிற்பதைக் கவனியுங்கள். இந்த 1 நொடி வேறொரு கணக்குக்குச் சரியான விடைதான்: அதே மாடியிலிருந்து அதே வேகத்தில் 30° கீழ்நோக்கி எறிந்த பந்து சரியாக 1 நொடியில் தரையைத் தொடும்.

மேலே 0 = 10 − 10டி என்று இருந்தால் நோய் வேறு. தரையில் பந்து நின்றுவிடும், அதனால் இறுதித் திசைவேகம் சுழி என்று போட்டிருக்கிறார்கள். பந்து நிற்பது தரை அதைத் தடுத்த பிறகு. நம் சமன்பாடுகள் பந்து காற்றில் இருக்கும் வரைதான் செல்லும். கடைசிக் கணம் என்பது தரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பு. செங்குத்து வேகம் சுழியாவது உச்சியில். ஆக, அவர்கள் கண்டுபிடித்தது உச்சிக்குப் போன நேரம்.

"ரெண்டு நேரம் வருது, எதை எடுக்கறது?"

மைனஸ் உள்ளதைத் தள்ளிவிடு என்பது வகுப்பில் சொல்லும் பதில். தள்ளலாம், தப்பில்லை. ஆனால் −1 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். பந்தின் பரவளையத்தை மாடிக்குப் பின்பக்கமாக நீட்டினால் அது கீழே போய்த் தரையைத் தொடும். அந்தப் புள்ளியிலிருந்து, செங்குத்தாக 20, கிடைத்தளமாக 17.32 என்ற வேகத்தில் யாராவது 1 நொடி முன்பே எறிந்திருந்தால், பந்து நம் மாடி விளிம்பை இதே வேகத்தோடும் இதே கோணத்தோடும் கடந்திருக்கும். மாடியில் ஆள் நிற்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. அதனால் அந்த விடையையும் சேர்த்துத் தருகிறது.

இரண்டுமே பிளஸாக வந்தால் எதையும் தள்ளக்கூடாது. "மாடிக்கு 3.75 மீட்டர் மேலே எப்போது?" என்று கேட்டால் 0.5 நொடி, 1.5 நொடி இரண்டும் வரும். ஒன்று ஏறும்போது, மற்றொன்று இறங்கும்போது. கேள்வியில் "மீண்டும்", "இறங்கும்போது" போன்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

34.64 மீட்டர்

யாரிடமும் கேட்க வேண்டாம், நெடுக்கச் சூத்திரம் (பந்து கிடைத்தளத்தில் போகும் மொத்தத் தொலைவுக்கானது) போட்டிருக்கிறீர்கள். யு² சைன் 2தீட்டா ÷ ஜி = 400 × 0.866 ÷ 10 = 34.64.

மனப்பாடம் செய்த மூன்று சூத்திரங்களில் (பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம்) முதலும் கடைசியும் பந்து கிளம்பிய மட்டத்துக்கே திரும்பி வருகிறது என்ற நிபந்தனையில் தருவிக்கப்பட்டவை. பெரும உயரம் மட்டும் எங்கேயும் செல்லும், கிளம்பிய இடத்திலிருந்து அளக்கிறோம் என்பது நினைவிருந்தால். மற்ற இரண்டும் மாடி, மலை, கிணறு, மேசை என்று மட்டம் மாறிய உடனே உதவாது. 34.64 மீட்டர் என்பது பந்து மாடி மட்டத்துக்கு இறங்கி வந்த இடம். அதற்குப் பிறகு இன்னும் 1 நொடி, 17.32 மீட்டர் பயணம் பாக்கி. கூட்டிப் பாருங்கள், 51.96 வந்துவிடும்.

என்னைக் கேட்டால் இந்தச் சூத்திரங்களை முதல் வாரம் மனப்பாடமே செய்யக்கூடாது. பத்துக் கணக்கை இரண்டு பக்கக் கோடு போட்டுச் செய்த பிறகு அவை தானாக வரும். ஆனால் நீட் தேர்வுக்கு ஓடுகிற பிள்ளையிடம் இதைச் சொன்னால் எடுபடுவதில்லை.

"45 டிகிரிதான் அதிக தூரம்னு போட்டேன், தப்புன்னுட்டாங்க"

இதுவும் அதே நோய், வேறு உடம்பில். 45° கோணத்தில் பீரங்கிக் குண்டு அதிகத் தொலைவு போகும் என்று இத்தாலியரான டார்ட்டாக்லியா 1537இலேயே எழுதினார். பாதை பரவளையம் என்று கலிலியோ நிறுவி அச்சிட்டது 1638இல். 45° என்பது சமதளத்துக்குச் சரி. மாடியில் சரியாக வராது.

நம் மாடியிலிருந்தே 45°இல் எறிந்து பாருங்கள். இரண்டு கூறுகளும் 14.14. நேரம் 3.65 நொடி, தொலைவு 51.6 மீட்டர். 30°இல் வந்த 51.96ஐவிடக் குறைவு! இந்த மாடிக்கு மிகச் சிறந்த கோணம் ஏறத்தாழ 37°, அப்போது 52.9 மீட்டர் போகும். உயரத்திலிருந்து எறியும்போது கீழே விழும் நேரம் சும்மா கிடைக்கிறது, அதனால் மேல்நோக்கிச் செலவழிக்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கிடைத்தளத்துக்குக் கொடுப்பது லாபம். விளையாட்டுப் போட்டியில் இரும்புக் குண்டு எறிபவர் தோளுக்கு மேலிருந்து குண்டை விடுகிறார். அவருக்கும் 45° சிறந்த கோணம் இல்லை.

விகிதம் பார்க்கும் வைத்தியம்

மேலே சொன்னது எதிலும் அடங்கவில்லையா? உங்கள் விடையைப் புத்தக விடையால் வகுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, அரை நிமிடம்கூட ஆகாது.

சமதளக் கணக்கில் 2 அல்லது 0.5 வந்தால், உச்சிக்குப் போகும் நேரத்தையும் முழுப் பறக்கும் நேரத்தையும் குழப்பியிருக்கிறீர்கள். அல்லது இடப்பெயர்ச்சிச் சமன்பாட்டின் ½ஐ விட்டிருக்கிறீர்கள்.

12.96 வந்தால் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கொடுத்திருந்தது, மாற்றாமல் போட்டுவிட்டீர்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். இடையில் நிற்கும் எண் 3.6. சமதள நெடுக்கத்திலும் உயரத்திலும் வேகம் இருமடி ஆவதால் 3.6 × 3.6 = 12.96. நேரம் கேட்ட கணக்கானால் வெறும் 3.6 வரும். "கிட்டத்தட்ட 13 மடங்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் நோட்டைத் திறக்காமலே அலகு என்று சொல்லிவிடலாம். வகுப்பில் கொஞ்சம் மந்திரவாதிப் பெயர் கிடைக்கும்.

1.02 அல்லது 0.98 வந்தால் பிழையே இல்லை. நீங்கள் ஜி 10 என்று போட்டீர்கள், புத்தகம் 9.8 என்று போட்டது, அல்லது மாற்றி.

30°, 60° கணக்கில் நேரத்துக்கு 1.73 அல்லது 0.58 வந்தால் சைனும் காஸும் இடம் மாறியிருக்கின்றன. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். தரையிலிருந்து தரைக்கு எறியும் கணக்கில் 30°க்கும் 60°க்கும் நெடுக்கம் ஒன்றே: 20 மீட்டர் வேகத்துக்கு இரண்டிலும் 34.64 மீட்டர். கூறுகளை மாற்றிப் போட்டாலும் பெருக்குத்தொகை மாறாது, விடை சரியாக வந்துவிடும், பிழை திருத்தப்படாமல் மாதக்கணக்கில் பழகிப்போகும். உயரம் கேட்கும்போது அகப்பட்டுக்கொள்ளும்: 5 மீட்டருக்குப் பதில் 15. நம் மாடிக் கணக்கிலும் ஒளிய முடியாது; மாற்றிப் போட்டால் 4.18 நொடி, 41.8 மீட்டர் என்று வரும்.

காரணம் பெரும்பாலும் "செங்குத்துடன் 30°" என்ற சொல்லைப் படிக்காமல் விட்டது. செங்குத்திலிருந்து அளந்த கோணமானால் காஸ்தான் செங்குத்துக் கூறு. "செங்குத்துக்கு சைன்" என்று மனப்பாடம் செய்வதைவிட, கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்குக் காஸ் என்று படம் பார்த்துப் போடுவது நல்லது. சாய்தளக் கணக்குகளுக்குப் போகும்போதும் இது கைகொடுக்கும்.

கால்குலேட்டர் உளறுகிறது

பள்ளி இயற்பியல் தேர்வில் கால்குலேட்டருக்கு இடமில்லை, எனவே இது கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு. 30° மேல்நோக்கி எறிந்த பந்துக்குச் செங்குத்து வேகம் −19.76 என்று வந்தால், கருவி டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது. கணக்கைத் தொடங்கும் முன் சைன் 30 அடித்துப் பாருங்கள். 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் கிரேடியன் என்ற மூன்றாவது முறையில் மாட்டியிருக்கிறது. யாரோ தம்பி தங்கை விளையாடியிருப்பார்கள்.

தரையில் மோதும் வேகம் 20, அல்லது 37.32

நம் கணக்கில் மோதும் கணத்தில் செங்குத்து வேகம் 10 − 30 = −20. சிலர் அதையே விடை என்று நிறுத்துவார்கள். எறிந்த வேகமும் 20, "எறிந்த வேகத்தோடதானே திரும்பி வரும்" என்று மனசும் சமாதானமாகிவிடும். இந்தக் கணக்கில் அந்த ஒற்றுமை வெறும் தற்செயல். கிடைத்தளக் கூறு 17.32 அப்படியே இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. அதற்காக 20 + 17.32 என்று கூட்டுவதும் ஆகாது; ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகள், பிதாகரஸ்தான் வழி. 300 + 400 = 700, மூலம் 26.46.

சரிபார்க்க ஆற்றல் வழி இருக்கிறது: யு² + 2ஜி × உயரம் = 400 + 300 = 700. இரண்டும் ஒத்துப்போனால் கூறு, குறி, நேரம் எல்லாமே பெரும்பாலும் சரி. ஆனால் இந்தச் சோதனைக்குக் கோணம் தெரியாது. கோணத்தைத் தப்பாகப் படித்திருந்தாலும் 700தான் வரும்.

இதன் சிறிய தம்பி ஒன்று உண்டு: உச்சியில் வேகம் சுழி என்று எழுதுவது. உச்சியில் சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும். பந்து அங்கேயும் 17.32 வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 30°இல் எறிந்தால் உச்சியில் இயக்க ஆற்றலின் முக்கால் பங்கு மிஞ்சும், 45° என்றால் பாதி.

விமானத்திலிருந்து போட்ட மூட்டை நேர்கீழே விழுகிறது

படத்தில் மூட்டை செங்குத்தாக இறங்கினால் நேரம் சரியாக வரும், தொலைவு சுழி என்று வரும். 500 மீட்டர் உயரத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் என்றால், மூட்டைக்கும் நொடிக்கு 50 மீட்டர் கிடைத்தள வேகம் ஏற்கெனவே இருக்கிறது. விழ 10 நொடி, அதற்குள் 500 மீட்டர் முன்னால் போய்விடும். விமானியின் கண்ணுக்கு நேர்கீழே விழுவதாகத்தான் தெரியும், அவரும் கூடவே போகிறார் அல்லவா. கேள்வி யார் பார்வையில் கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரைத் தாண்டும் என்றேன், தாண்டாதாம்

தரையிலிருந்து 30°இல் 20 மீட்டர் வேகம். 30 மீட்டர் தள்ளி 3 மீட்டர் சுவர். பெரும உயரம் 5, சுவர் 3, ஆகவே தாண்டும் என்று எழுதினால் தப்பு. பந்து 5 மீட்டரில் இருந்தது 17.32 மீட்டர் தொலைவில். சுவரடிக்கு வரும்போது 1.73 நொடி ஆகியிருக்கும், உயரம் 17.32 − 15 = 2.32 மீட்டர்தான். சுவரில் மோதும்.

விடை சரிதான், ஆனால் நம்ப முடியவில்லை

கையால் எறிந்த பந்துக்கு நொடிக்கு 60 மீட்டர் வேகம் என்று வந்தால் நிறுத்துங்கள். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 44.8 மீட்டர். பள்ளிக் கணக்கில் வரும் சிறுவன் அவரைவிட வேகமாக எறியப்போவதில்லை.

அதே 44.8ஐ 45°இல் போட்டால் நம் சூத்திரம் 200 மீட்டருக்கு மேல் நெடுக்கம் தரும். எந்த மைதானத்திலும் அப்படி யாரும் எறிவதில்லை. இங்கே கணக்கில் பிழை கிடையாது. காற்றுத் தடை இல்லை என்ற நிபந்தனைதான் அந்தக் கூடுதல் தொலைவைத் தருகிறது. பந்து வேகமாகப் போகப் போகக் காற்று அதிகமாகப் பிடித்து நிறுத்தும். இறகுப்பந்தில் அது கண்ணுக்கே தெரியும், பாதை பரவளையம் மாதிரியே இருக்காது.

எல்லாம் பார்த்தாயிற்று, புத்தக விடை இன்னும் வேறு

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, விகிதமும் எதிலும் பொருந்தவில்லை, ஆற்றல் சோதனையும் ஒத்துப்போகிறது என்றால், கேள்வியை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள்: கட்டடத்தின் உயரமா, எறிபவரின் கையின் உயரமா, தொலைவு கட்டடத்தின் அடியிலிருந்தா, வேறு கம்பத்திலிருந்தா. அதுவும் சரி என்றால் விடைப் பட்டியலில் அச்சுப்பிழை இருக்கலாம், கைடுகளில் இது நடப்பதுதான். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.